சேறு படாமல் நட்ட கற்கள்

அந்த வீட்டுக்கு முதலில் போனது இணைப்புக் கொடுக்க. சித்திரை மாதம். மயிலாடுதுறை பஸ் ரோட்டை விட்டு உள்ளே நாலு கிலோமீட்டர். கடைசி ஊர். ஊருக்குக் கேபிள் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வேண்டும் என்று கேட்டவர்கள் பத்து பேர்தான்.

என் வேலை பைபருக்கு ஜாயின்ட் அடிப்பது. கண்ணாடி இழை. தலைமுடி கனம்தான் இருக்கும். அறுந்த இரண்டு முனையையும் சீவி மெஷினில் வைத்தால் அது உருக்கி ஒட்டிவிடும். அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது. போன், படம், பேங்க் எல்லாம் அந்த வெளிச்சம்தான். முதலில் இதே கேபிளுக்குக் குழி வெட்ட வந்தேன். பார்த்துப் பார்த்து மெஷினைப் பழகிக்கொண்டேன். படிப்பு எட்டாவது. இந்த வேலைக்கு நிறம் தெரிந்தால் போதும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன் என்று பன்னிரண்டு.

வீட்டில் ஒரு பெரியவர், அவர் சம்சாரம், மகள். பெரியவர் முன்பு நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். இப்போது மூன்று மா நிலம் சொந்தமாக வைத்திருந்தார். மகளுக்கு வளைகாப்பு முடிந்து அழைத்து வந்திருந்தார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்.

"எம்பொண்ணு டாக்டரு" என்றார் பெரியவர். "ஆனா ஊசி போடத் தெரியாது."

"வர்றவங்க எல்லார்கிட்டயும் இதச் சொல்லுவாங்க" என்றது அந்தப் பெண்.

ஓட்டுச் சாய்ப்பு வழியாக வயரை இழுத்து உள்ளே கொண்டுவந்தேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த நிமிஷம் அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் திறந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டது. நான் பாரத்தில் கையெழுத்து வாங்க நின்றேன். அது கவனிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது. வளையல் சத்தம் போடக் கூடாது என்று இரண்டு கையையும் தலையணை மேல் வைத்திருந்தது.

பத்து நிமிஷம் கழித்துத்தான் என்னைப் பார்த்தது.

"என்னம்மா கேக்குறீங்க, பாட்டா?"

"மழைண்ணே."

ஹெட்போனை நீட்டியது. மாட்டிப் பார்த்தேன். மழைதான். வேறு ஒன்றும் இல்லை. வெளியே வெயில் கொதித்துக்கொண்டிருந்தது.

"எங்க பேயுது?"

"இப்ப இல்ல. போன ஆடியில பேஞ்சது. மேற்கே, மலையில. காட்டுக்குள்ள."

மரத்தில் பெட்டி கட்டியிருக்கிறார்களாம். எட்டுப் பெட்டி. பெட்டி தானாகச் சத்தத்தைப் பிடித்து வைக்கும். மலையடிவாரத்தில் இவர்களுக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. பிடித்ததை எல்லாம் அங்கே ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பார்கள். அங்கிருந்து மணிக்கணக்கு மணிக்கணக்காக எடுத்து இந்தப் பெண் கேட்கும். எந்த நேரத்தில் எது கத்தியது என்று எழுதும். அதுதான் உத்தியோகம். முன்பு காட்டுக்குள் தானே போய் வந்துகொண்டிருந்தது. இப்போது போக முடியாது.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "மழையில என்னத்தக் கேப்பீங்க?"

"அங்க காவல் பாக்குறவங்க சொல்றாங்கண்ணே, அடைமழையில மட்டும் ஒண்ணு கத்துமாம். டம்ளர்ல கரண்டியால தட்டுற மாதிரி இருக்குமாம். தவளையா பூச்சியான்னு அவங்களுக்கும் தெரியல. யாரும் பதிவு பண்ணதில்ல."

"ஏன் பண்ணல?"

"அடைமழையில யாரு உள்ள போறது? மண்ணு சரிஞ்சு பாதை அடைஞ்சிரும். அட்டை வேற. மழை விட்டப்புறம் போறோம், வர்றோம். நானும் அப்படித்தான் போயிருக்கேன்."

மேலிடத்தில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மழை மாசத்தில் உள்ளே பெட்டி வைத்தால் மழைச் சத்தம்தான் பதிவாகிறது, பேட்டரி மாற்ற ஆள் போக முடியவில்லை, எட்டையும் எடுத்து ரோட்டோரம் கட்டிவிடலாம் என்று. இந்த வருஷ மழை தொடங்குவதற்குள் மாற்ற வேண்டும். வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை கெடு வைத்திருந்தார்கள். அதற்குள், உள்ளே ஏதோ இருக்கிறது என்று இந்தப் பெண் காட்ட வேண்டும். போன மழையில் எட்டில் இரண்டு பெட்டிதான் கெடாமல் ஓடியது. அந்த இரண்டிலும் மூன்று மாச மழை இருந்தது.

"ஒரு தடவ கெடச்சாப் போதும்ணே" என்று கையெழுத்துப் போட்டது.

பைக்கில் வரும்போது காதுக்குள் மழை பெய்துகொண்டே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை புகார் வந்தது. அந்த ஊர் முழுக்க லைன் இல்லை. பத்து வீடும் செத்துவிட்டது.

பஸ் ரோட்டில் யூனியன் ஆபீசில் ஒரு அறையில்தான் எங்கள் பெட்டிகள். அந்த ஊருக்குப் போகும் இழையில் தூரம் பார்க்கிற மெஷினை மாட்டினேன். அந்த மெஷின் வெளிச்சத்தை உள்ளே அனுப்பும். அறுந்த இடத்தில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து மீட்டர் சொல்லும். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது என்றது.

கேபிள் போகும் பாதையில் இருநூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கும். முழங்கால் உயரம், மேலே நம்பர். மேப்பிலும் அதே நம்பர். கல்லுக்கு இரண்டு அடி வடக்கே, மூன்றடி ஆழத்தில் கேபிள் என்று மேப்பில் இருக்கும். பன்னிரண்டாம் கல்லுக்குப் போனேன். ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் நெடுக மூங்கில் புதர். அதன் முன்னால் ரோட்டோரமாகக் கல் நின்றது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் தோண்டினேன். வெயிலில் மண் ஓடாக இறுகியிருந்தது. மூன்றடி போனேன். நாலடி போனேன். கேபிள் இல்லை.

புதன்கிழமை காண்ட்ராக்டர் இரண்டு ஆள் அனுப்பினார். காலையிலிருந்து ரோட்டோரமாக வரிசையாகக் குழி போட்டோம். ஒன்றும் இல்லை. பெரியவர் வரப்பெலிக்குக் கிட்டி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் எலிப்பொறி அது. நாற்றங்காலுக்கு வைப்பார்கள். நாலைந்து கிட்டி அவர் தோளில் தொங்கின.

"எந்த மடப்பய நட்டான் இந்தக் கல்ல?" என்றேன்.

"கெடைச்சா எங்கிட்ட காட்டு தம்பி. இதுல வச்சு ஒரு தட்டு தட்டுறேன்."

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"மேப்புல கிளியரா இருக்குல்ல? கல்லுக்கு வடக்க ரெண்டடி. நல்லாத் தோண்டுய்யா."

"ரெண்டு நாளாத் தோண்டுறேன் சார்."

"இன்னும் ஆழமாப் போ."

இன்னொரு அவசரமும் இருந்தது. மேட்டூர் திறந்து, கல்லணையும் திறந்தாகிவிட்டது. இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வியாழனோ வெள்ளியோ வரும் என்றார்கள். வந்தால் கரை ஊறிவிடும். அப்புறம் குழி நிற்காது.

மத்தியானம் ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுப் பெரியவரோடு அந்த வீட்டுக்குப் போனேன். போய்ச் சொல்ல வேண்டும் அல்லவா. அந்தப் பெண் ஜன்னல் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போனில் ஒரு கோடு, அரைக் கோடு என்று சிக்னல். அரை மணி நேர மழை வந்து சேர அரை நாள் ஆகிறது என்றது.

"எவ்வளவு பாக்கி இருக்கும்மா?"

"எட்டு நாள் மழை இருக்கு. ஒவ்வொரு நாள்லயும் நல்லாப் பேஞ்ச மணி மட்டும் எடுத்து வச்சிருக்கேன். லைன் இருந்தா ரெண்டு நாள்ல கேட்டுருவேன்."

"கெடைக்கலியா இன்னும்?"

"இல்லண்ணே."

அதன் அம்மா மோர் கொடுத்தார்கள். குடித்தேன். அந்தப் பெண் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது.

"பஸ் ரோட்டுல இருக்குற ஊருக்கெல்லாம் அடிக்கடி அறுந்தாலும் நிக்கிறதில்ல. எங்களுக்கு மட்டும் ஏண்ணே?"

"ஒரு வளையலக் கழட்டுங்க" என்றேன். கழட்டித் தந்தது. மேஜை மேல் வைத்தேன். "ரோட்டு மேல போறது இந்த மாதிரி. வட்டம். இந்தப் பக்கம் அறுந்தா வெளிச்சம் அந்தப் பக்கமாச் சுத்தி வந்துரும். யாரும் திருப்ப வேண்டாம். மெஷினே வழி மாத்திக்கும். உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. உங்க ஊரு வட்டத்துல இல்ல. வட்டத்துலேருந்து தொங்குற நூலு. நூலு அறுந்தா சுத்தி வர வழி இல்ல."

"தொங்கட்டான்னு சொல்லு" என்றார் பெரியவர்.

"ஆமாண்ணே, தொங்கட்டான்."

"இரு, இரு. நீ என்னைய அண்ணேங்குற. இவ உன்னைய அண்ணேங்குறா. எங்க வீட்டுல மொறை என்னாத்துக்கு ஆவுது?"

அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பியது. "எங்க மேப்பப் பாருங்கண்ணே" என்றது.

மலை. பச்சையாக இருந்தது. அதில் கறுப்பாக ஒரு கோடு வளைந்து வளைந்து ஏறியது. இரண்டு இடத்தில் கிளை பிரிந்தது.

"இது ரோடா?"

"எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. ரோட்ட இதுல போடவே இல்ல. நல்லாப் பாருங்க."

கிட்டே போய்ப் பார்த்தேன். கோடு இல்லை. புள்ளிகள். நெருக்கமாக இருந்ததால் கோடாகத் தெரிந்தது.

"ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருத்தர் ஏதோ ஒண்ணப் பாத்த இடம். பறவை, தவளை, மரம், ஏதாவது. ரோட்டுல போயி, எறங்கி, நின்னு பாத்துட்டு வந்திருக்கோம். அதனால புள்ளி எல்லாம் ரோட்டோரமாவே விழுந்திருக்கு. ரோடு போடாமலே ரோடு வந்துருச்சு."

"புள்ளி இல்லாத எடத்துல என்னா இருக்கு?"

"தெரியாது. மேப்பப் பாக்குறவங்க ஒண்ணும் இல்லன்னு நெனைச்சுக்குறாங்க."

எனக்கு அது புரிந்தது. எங்கள் புகார் நோட்டில் ஒரு ஊர் இருந்தது. நாலு மாசம் ஒரு புகாரும் இல்லை. நல்ல லைன் என்று அந்தப் பக்கம் போகவே இல்லை. ஒரு நாள் வேறு வேலையாகப் போனால் கேபிள் செத்து நாலு மாசம் ஆகியிருக்கிறது. அதைச் சொன்னேன்.

"ஏன் யாரும் சொல்லல?"

"மொதல்ல ரெண்டு தடவ சொல்லியிருக்காங்க. நாங்க வரல. விட்டுட்டாங்க."

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டது. அதில் எழுத என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நான் மறுபடி மேப்பைப் பார்த்தேன். எவ்வளவு பெரிய பச்சை. அதில் அந்தப் புள்ளி போட்டவர்கள் ஷூவில் சேறு படாமல் வந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கார்த்திகை மாதம். ஒரு வாரமாக மழை. நாங்கள் ஆறு பேர் குழி வெட்டினோம். ரோட்டோரம் கப்பிக்கல் கெட்டித்துப் பாறையாகக் கிடந்தது. மூங்கிலுக்குப் பின்னால், வாய்க்காலின் உள்சரிவில், மண் வெண்ணெயாக வந்தது. அந்தப் பக்கமாக வெட்டிக் கேபிளைப் போட்டு மூடிவிட்டோம். மறுநாள் சூப்பர்வைசர் போட்டோ எடுக்க வந்தார். இப்போது இருப்பவர் இல்லை, வேறு ஒருவர். புது ஷூ. ஒவ்வொரு கல்லையும் நட்டு, பக்கத்தில் நின்று, கையை நீட்டி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். மூங்கிலுக்குப் பின்னால் முழங்கால் சேறு. எட்டிப் பார்த்தார்.

"இங்கயே ரோட்டோரமா நடுய்யா. போட்டோ எடுத்துக்குறேன். அப்புறமா எடுத்து உள்ள நட்டுக்கலாம்."

பத்திலிருந்து பதினாலு வரை ஐந்து கல். நட்டவன் நான். போட்டோ எடுத்துக்கொண்டு அவர் போனார். வேலை அடுத்த ஊருக்கு நகர்ந்தது. கல்லை யாரும் உள்ளே கொண்டுபோகவில்லை. அந்தப் போட்டோவை வைத்து மேப் வரைந்திருக்கிறார்கள்.

வருஷம் ஓடிவிட்டது. நட்டதும் மறந்துபோனது. ரோட்டோரத்தில் கல் இருந்தால் கேபிளும் அங்கேதான் இருக்கும் என்று நானும் மற்றவர்கள் மாதிரி நம்பியிருந்தேன்.

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கல்லு தப்பும்மா. கேபிள் மூங்கிலுக்குப் பின்னால போவுது."

"எப்படித் தெரியும்?"

"நாந்தான் நட்டேன்."

பெரியவர் என்னைப் பார்த்தார். தோளிலிருந்த கிட்டியை இறக்கினார். "கைய நீட்டு தம்பி" என்றார்.

அன்று வெட்ட முடியவில்லை. காண்ட்ராக்டரின் ஆட்கள் சாப்பிடப் போனவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வியாழன் காலை ஆறு மணிக்குப் போனேன். பெரியவர் மண்வெட்டியோடு மூங்கிலடியில் உட்கார்ந்திருந்தார். வரச் சொல்லவில்லை. வந்திருந்தார்.

வாய்க்காலில் அந்த இடத்தை மட்டும் மெஷின் தூர் வாரவில்லை. மூங்கில் தடுத்திருந்தது. சரிவில் புல்லும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடர்ந்து கிடந்தன. நான் மீட்டர் கணக்குப் போட்டேன். கேபிளின் தூரமும் தரையின் தூரமும் ஒன்றாக இருக்காது. அங்கங்கே பத்துப் பதினைந்து மீட்டரைச் சுருட்டிப் புதைத்திருப்போம், பின்னால் ஜாயின்ட் அடிக்க வசதியாக. எங்கே எத்தனை சுருள் என்று மேப்பில் உண்டு. ஆனால் அந்த மேப்பை இனி நம்ப முடியாது. முப்பது மீட்டருக்குள் எங்கேயோ என்று மட்டும் சொல்லலாம்.

பெரியவர் நான் கணக்குப் போடுவதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் நின்றார். புதிதாகத் தள்ளிய மண். கொழுக்கட்டை கொழுக்கட்டையாக இருந்தது.

"பெருச்சாளி" என்றார். "வளை இப்படி எறங்கி, இப்படி வேருக்குப் போவுது. மண்ணு ஈரமா இருக்கு பாரு. நாலு நாளைக்குள்ளதான் தள்ளியிருக்கு."

செவ்வாய்க்கிழமை அறுந்தது. கணக்குச் சரியாக இருந்தது.

வளையைப் பிடித்துக்கொண்டே வெட்டினார். அறுக்காமல், சுரண்டுகிற மாதிரி. இரண்டரை அடியில் கேபிள் போகும் குழாய் தெரிந்தது. பெருச்சாளி குழாயைக் கடித்து உள்ளே இருந்த கேபிளையும் அறுத்திருந்தது. யூனியன் ஆபீசில் இருந்த ஆளுக்குப் போன் செய்தேன். அந்த முனையில் சிவப்பு லைட்டை வைக்கச் சொன்னேன். டார்ச் மாதிரி ஒன்று, இழைக்குள் சிவப்பு வெளிச்சம் அனுப்பும். இரண்டரைக் கிலோமீட்டர் ஓடி வர வேண்டும்.

குழிக்குள் குனிந்து கையால் வெயிலை மறைத்தேன். இருட்டில் கடுகு மாதிரி சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது.

பெரியவரும் குனிந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எலி வெளக்குப் போட்டிருக்கு" என்றார்.

வேலை சின்ன வேலைதான். அறுந்த இடத்தை வெட்டி எறிந்து, நடுவில் புதுத் துண்டு வைத்து இரண்டு பக்கமும் ஜாயின்ட். ஆனால் கேபிளைக் கரைக்கு மேலே இழுத்துக் கொண்டுவர வேண்டும். இழுத்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் தலையைத் தூக்கினார்.

"தண்ணி வருது."

எனக்குச் சத்தம் கேட்கவில்லை. மேற்கே பார்த்தேன். வாய்க்கால் தரையில் கொக்கும் மைனாவும் கூட்டமாக நடந்து வந்தன. அதற்குப் பின்னால்தான் தண்ணீர். சருகையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. வெடிப்புக்குள் இருந்ததெல்லாம் வெளியே ஓடி வந்தன. பிள்ளைப்பூச்சி, தேள், நண்டு, பேர் தெரியாத சிலது. பறவைகள் நடந்துகொண்டே தின்றன. இத்தனை வருஷம் இதே வாய்க்காலில் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கிறேன். முன்னால் என்ன வருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குழி நிறைந்தது. அதற்குள் இரண்டு முனையையும் மேலே கொண்டுவந்துவிட்டோம். பெருச்சாளி மூங்கில் வேரிலிருந்து வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடியது. பெரியவர் கையில் மண்வெட்டி இருந்தது. அடிக்கவில்லை.

"போவட்டும். நாத்தங்காலுக்குத்தான் வரும். அங்க பாத்துக்குறேன்."

குடையைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு நிறமாக ஒட்டினேன். மத்தியானம் இரண்டு மணிக்கு ஊருக்கு வெளிச்சம் போனது.

சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய் வெளிச்சத்தின் அளவு பார்த்தேன். சரியாக இருந்தது. அந்தப் பெண் மாட்டிய ஹெட்போனைக் கழட்டாமல் கேட்டது.

"என்ன எலிண்ணே?"

"பெருச்சாளி."

"எந்தப் பெருச்சாளி? ரெண்டு வகை இருக்கு. பெருசா, சின்னதா? வாலு எப்படி இருந்துச்சு?"

"வாலோட இருந்துச்சும்மா."

வெள்ளிக்கிழமை காலையில் கரையில் ஜாயின்ட் பெட்டி புதைக்கிற வேலை பாக்கி இருந்தது. பதினோரு மணிக்குப் பெரியவர் வந்து கூப்பிட்டார். போனேன். அந்தப் பெண்ணின் முகம் வேறு மாதிரி இருந்தது. ஹெட்போனைத் தந்தது.

மழை. தகரத்தில் கொட்டுகிற மாதிரி மழை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"மழையக் கேக்காதீங்க. அதுக்கு அடியில கேளுங்க" என்றது. இரண்டு கையையும் விரித்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டது, வளையல் உரசாமல்.

கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கேட்டது. டிங். டிங். டிங். நிறுத்திவிட்டு, மறுபடி டிங். சின்ன டம்ளர். கரண்டி நுனி.

பெரியவரும் வாங்கிக் கேட்டார். "காபி கேக்குது" என்றார்.

"அனுப்பிரலாமே" என்றேன்.

அது அனுப்பவில்லை. "பெட்டி மேல எலையிலேருந்து தண்ணி சொட்டுனாக்கூட இப்படித்தான் கேக்கும்ணே. அதுவா இருந்தா?"

மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. சாயங்காலம் ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் மெஷினும் சில சமயம் இல்லாத அறுப்பைக் காட்டும். வெளிச்சம் உள்ளேயே இரண்டு தடவை முட்டித் திரும்பினால் அப்படித் தெரியும். அதனால் ஒரு முனையிலிருந்து பார்த்ததை நம்ப மாட்டோம். மறு முனைக்குப் போய் அங்கிருந்தும் பார்ப்போம். இரண்டு பக்கமும் சொன்னால்தான் உண்மை.

"ரெண்டு பெட்டி ஓடுச்சுன்னீங்களே?"

அது என்னைப் பார்த்தது. உடனே இரண்டாவது பெட்டியில் அதே நாள், அதே மணியை எடுத்தது. நான் வேலைக்குத் திரும்பவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு மணி நேரம் போனது. அதே மணியில் இல்லை. அடுத்த மணியில் தேடியது. பெரியவர் சாப்பிடக் கூப்பிட்டார். யாரும் போகவில்லை.

இரண்டரைக்குக் கையைத் தூக்கியது. மூன்று தட்டு. நிறுத்தம். நாலு தட்டு. அந்தப் பெட்டி முதல் பெட்டிக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதாம். இரண்டு பெட்டி மேலும் ஒரே மாதிரி சொட்டாது.

நாலரைக்கு எழுதி முடித்தது. எனக்குப் படித்துக் காட்டியது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனது. இரண்டு இடத்தில் ஒரு குரல் இருக்கிறது. என்ன உயிர் என்று தெரியவில்லை. எத்தனை இருக்கிறது என்று தெரியவில்லை. மழைக்கு வெளியே கத்துமா என்று தெரியவில்லை.

"இத்தனை தெரியலன்னு எழுதினா ஒத்துக்குவாங்களா?" என்றேன்.

"தெரியாததத்தாண்ணே கேட்டிருக்காங்க."

அனுப்பியது. பச்சை விளக்கு வேகமாக மினுக்கியது. நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பிய சேதி மூங்கிலுக்குப் பின்னால் தண்ணீருக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. ஆறு பெட்டியை ரோட்டோரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு அதே இடத்தில் இருக்கும்.

"ரெண்டுதானா?"

"ரெண்டு போதும்ணே. அதே எடத்துல இருக்குல்ல."

நான் அதற்குள் ஐந்து கல்லையும் பிடுங்கி மூங்கிலுக்குப் பின்னால் நட்டுவிட்டேன். பெரியவர் ஒரு பக்கம் பிடித்தார். ஆபீசில் மேப்பின் பிரின்டை வாங்கி அந்த ஐந்தையும் திருத்தினேன். மற்றக் கற்களைப் பார்த்தேன். அவற்றை வேறு யாரோ நட்டார்கள். அன்றைக்கும் மழைதான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் தெரியாது என்று எழுதிச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன்.

"என்னய்யா இது? மேப் பூரா தெரியாது தெரியாதுன்னு எழுதி வச்சிருக்க?"

"தெரியாது சார்."

"இதுவரைக்கும் சரியாத்தானே இருந்துச்சு?"

"யாரும் தோண்டிப் பாக்கல சார்."

"மேல கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

"போய்ப் பாத்துட்டுச் சொல்றோம்னு சொல்லுங்க."

"யாரு போறது?"

"நாந்தான்."

வேலை இல்லாத நாளில் போகிறேன். ஒரு கல்லுக்கு ஒரு குழி. இதுவரை ஏழு பார்த்தாகிவிட்டது. மூன்று சரியாக இருந்தது. நாலு தப்பு. வாய்க்கால் கரையில் இருக்கிற மீதியை இப்போது வெட்ட முடியாது, தண்ணீர் ஓடுகிறது. தையில் நிறுத்துவார்கள். அதுவரை தெரியாது என்றே இருக்கட்டும்.